பயோகெமிஸ்ட்ரி: என்ன படிப்பு, என்ன வேலை?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். "நீட்ல மார்க் வரலையா? பயோகெமிஸ்ட்ரி போட்டுடு, லேப்ல வேலை கிடைச்சிடும்" என்பார் மாமா. "பாதி கெமிஸ்ட்ரி, பாதி பயாலஜி, மனப்பாடம் பண்ணா பாஸ்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. "அதுவும் பயோடெக்னாலஜியும் ஒண்ணுதானே" என்று இன்னொருவர் முடித்துவைப்பார்.

மூன்றும் தவறு. முதல் பேச்சை நம்பிச் சேர்ந்த பிள்ளை, மூன்றாண்டு கழித்து அரசு மருத்துவமனை ஆய்வக வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான், அங்கே கேட்கிற தகுதி வேறு என்று தெரிந்துகொள்கிறது. அப்பா கூலிவேலை செய்து கட்டிய மூன்றாண்டு அது. எனவே இந்தப் படிப்பு உண்மையில் எதைப் பற்றியது என்பதை முதலில் பார்ப்போம். அது விளங்கினால் எந்த வேலைக்கு அது வழி, எதற்கு வழியில்லை என்பதும் விளங்கிவிடும்.

கறியில் போடும் பப்பாளிக்காய்

பிரியாணிக்கு வாங்கிய கறி முற்றலாக இருந்தால் பச்சைப் பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்து, கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி போல் பிசறி வைப்பார்கள். முக்கால் மணி நேரத்தில் கறி இளகிவிடும். மறந்துபோய் இரவு முழுக்க வைத்தால் கூழாகிவிடும். பப்பாளியை வேகவைத்து அரைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காது. பழுத்த பழத்தைப் போட்டாலும் பெரிதாகப் பயனில்லை.

இந்த நான்கு செய்திகளுக்குள் உயிர்வேதியியலின், அதாவது பயோகெமிஸ்ட்ரியின், அடித்தளம் இருக்கிறது.

கறி என்பது பெரும்பாலும் புரதம். மணிகளை நூலில் கோத்ததுபோல் அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்து உண்டான சங்கிலிதான் புரதம். பப்பாளிக்காயின் பாலில் பப்பாயின் என்றொரு பொருள் இருக்கிறது. அது அந்தச் சங்கிலியை ஆங்காங்கே அறுக்கிறது. கொழுப்பைத் தொடாது, எலும்பின் சுண்ணாம்பைத் தொடாது, புரதத்தை மட்டும் அறுக்கும்.

இதே வேலையை வேதியியல் ஆய்வகத்தில் செய்ய வேண்டுமென்றால், அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் புரதத்தைப் போட்டு, காற்றில்லாத குழாயில் மூடி, 110 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். அப்போது சங்கிலி முழுவதும் தனித்தனி மணிகளாக உதிரும். பப்பாளி அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனாலும் அடுப்பும் அமிலமும் இல்லாமல், சமையலறை வெப்பத்தில், ஒரு பாத்திரத்தில் அறுக்கத் தொடங்கிவிடுகிறது. பப்பாயின் ஒரு நொதி. உயிரினம் தானே தயாரித்து, குறிப்பிட்ட ஒரு வேதிவினையை விரைவுபடுத்தி, வினை முடிந்ததும் தான் செலவாகாமல் அடுத்த வினைக்கு நிற்கிற புரதத்துக்கு நொதி என்று பெயர்.

எப்படி விரைவுபடுத்துகிறது? மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டி மேம்பாலத்தில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பாலத்தின் உச்சியைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் தானாக இறங்கிவிடும். ஆனால் உச்சி வரை தள்ளத் தெம்பு வேண்டும். தெம்பில்லாதவர் அடிவாரத்திலேயே நிற்பார். வேதிவினைக்கும் இப்படி ஓர் ஏற்றம் உண்டு. அதைக் கடக்கத் தேவையான ஆற்றலைக் கிளர்வு ஆற்றல் என்பார்கள். நொதி வண்டியைத் தள்ளிவிடுவதில்லை, பாலத்தின் உயரத்தைக் குறைக்கிறது. புறப்படும் இடமும் சேரும் இடமும் மாறுவதில்லை, நடுவில் உள்ள ஏற்றம் மட்டும் தாழ்கிறது.

நொதியின் உடம்பு முழுவதும் இந்த வேலையைச் செய்வதில்லை. நீண்ட சங்கிலி மடிந்து மடிந்து ஒரு வடிவத்துக்கு வரும்போது அதில் ஒரு சிறு பள்ளம் உண்டாகிறது. அதுதான் கிளர்வு மையம். அந்தப் பள்ளத்தில் பொருந்துகிற மூலக்கூறில்தான் வினை நடக்கும். வேகவைத்தால் மடிப்பு கலைந்து பள்ளம் அழிந்துவிடும். இதை இயல்பிழத்தல் என்கிறோம். வெந்த பப்பாளி வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். ஃப்ரிட்ஜில் வைத்தால் மடிப்பு அப்படியே இருக்கும், ஆனால் மூலக்கூறுகளின் ஓட்டம் குறைவதால் வினை மெதுவாகும். வெளியே எடுத்தால் மறுபடி வேகம் பிடிக்கும். காசிமேட்டில் மீனை ஐஸில் வைப்பதும் இந்தக் கணக்கில்தான். ஐஸ் கெடுதலைத் தள்ளிப்போடும், நிறுத்தாது.

இதுவரை பார்த்ததன் சாரம்: உயிருள்ள எதிலும் வேதிவினைகளை நடத்துபவை நொதிகள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வேலையைத்தான் செய்யும். வெப்பம், நேரம், அளவு மாறினால் விளைவும் மாறும்.

வேதியியலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சிறுநீரில் சர்க்கரை பார்க்கப் பல ஆண்டுகள் பெனடிக்ட் சோதனையைத்தான் செய்தார்கள். 5 மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் 8 சொட்டு சிறுநீர், இரண்டு நிமிடம் கொதி. சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே இருக்கும். இருக்கிற அளவைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று மாறும். கரைசலில் உள்ள தாமிரம் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதால் வரும் நிறமாற்றம் இது.

இதில் ஒரு சிக்கல். எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடிய எந்தப் பொருளும் இந்த நிறத்தைத் தரும். வைட்டமின் சி மாத்திரை நிறையச் சாப்பிட்டவரின் சிறுநீர் தரும். பால் கொடுக்கும் தாயின் சிறுநீரில் இறங்கும் லாக்டோஸ் தரும். நீரிழிவே இல்லாதவருக்கு நீரிழிவு என்று சொல்லிவிட இது போதும்.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை வைத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீர்கிறது. அதன் பள்ளத்தில் குளுக்கோஸ் பொருந்தும். லாக்டோஸ் பொருந்தாது. நூறு பொருள் கலந்த ரத்தத்தில் அந்த ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்கும். வேதியியல் "இந்தக் குணம் உள்ளது எது" என்று கேட்கிற இடத்தில், உயிர்வேதியியல் "இந்த மூலக்கூறு எவ்வளவு, அதை எது ஆக்குகிறது, எது அழிக்கிறது, எவ்வளவு வேகத்தில்" என்று கேட்கிறது. பாதி பாதி கலந்த பாடம் என்று இதைச் சொல்வது சரியில்லை, இது கேட்கிற கேள்வியே வேறு.

பத்து மைக்ரோலிட்டரில் ஒரு படிப்பு

தெருமுனை ஆய்வகத்தில் கொடுக்கிற சர்க்கரைச் சோதனையை உள்ளே போய்ப் பார்ப்போம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்றாண்டில் கற்பிக்கிற பாதிப் பாடம் இந்த ஒரு குழாய்க்குள் அடங்கும்.

மூன்று குழாய்கள். மூன்றிலும் ஆளுக்கு 1000 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லி, வினைக்கரைசல். முதல் குழாயில் வேறெதுவும் இல்லை, அது வெற்றுக்குழாய். இரண்டாவதில் 10 மைக்ரோலிட்டர் நியமக் கரைசல். நியமக் கரைசல் என்றால் அளவு முன்பே தெரிந்தது. இங்கே 100 மில்லி லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ். மூன்றாவதில் நோயாளியின் ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தெடுத்த தெளிநீர், அதாவது பிளாஸ்மா, 10 மைக்ரோலிட்டர். மூன்றையும் கலக்கி 37 டிகிரியில், பொதுவாக 10 நிமிடம். அதாவது உடம்பின் வெப்பத்தில்.

கரைசலில் உள்ள குளுக்கோஸ் ஆக்சிடேஸ், குளுக்கோஸை குளுக்கோனிக் அமிலமாக மாற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவரும். பெராக்சிடேஸ் என்ற இரண்டாவது நொதி அந்தப் பெராக்சைடைப் பயன்படுத்தி, நிறமில்லாத இரண்டு பொருள்களைச் சேர்த்து ரோஜா நிறச் சாயமாக்கும். குளுக்கோஸ் எவ்வளவோ நிறமும் அவ்வளவு. அந்தக் குழாய் வழியே 505 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளியைக் கரைசல் விழுங்கிக்கொண்டது என்று அளப்பார்கள். அந்த எண்ணுக்கு ஒளி உறிஞ்சல் என்று பெயர்.

வெற்றுக்குழாயைப் பூச்சியமாக வைத்துக்கொள்ள, நியமக் குழாய் 0.250, நோயாளியின் குழாய் 0.325 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.325 ஐ 0.250 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் 130. வெறும் வயிற்றில் எடுத்தது என்றால், 126 ஐத் தாண்டியதால் நீரிழிவை நோக்கி விரல் நீட்டுகிற எண் அது.

இனி எங்கெல்லாம் தவறும் என்று பாருங்கள். கரைசலை அளந்து உறிஞ்சி விடுகிற பிப்பெட்டின் முனையில், வெளிப்புறத்தில் ஒரே ஒரு மைக்ரோலிட்டர் தொங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டால் பத்து பதினொன்றாகும். 130 என்பது 143 ஆகிவிடும். மெல்லிய தாளால் முனையின் வெளிப்பக்கத்தைத் துடைக்காததன் விலை அது. நோயாளி வைட்டமின் சி அதிகம் எடுத்திருந்தால் அது பெராக்சைடைத் தின்றுவிடும், அளவு குறைவாகக் காட்டும். பெனடிக்டில் அதே வைட்டமின் கூட்டிக் காட்டியது நினைவிருக்கட்டும். ஒரே குறுக்கீடு, எதிரெதிர் திசையில் இரண்டு பிழை. எந்தச் சோதனை எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்தவர்தான் உயிர்வேதியியல் படித்தவர். வீட்டுச் சர்க்கரை மீட்டரின் பட்டையிலும் நொதிதான் பூசியிருக்கிறது. கடலோர ஈரக் காற்றில் டப்பா மூடியைத் திறந்து போட்டால் அந்தப் பட்டை கெட்டுப்போகும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு குழாய்க்கு வெளியே, மேசை மேல் நடக்கிறது. எடுத்த ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை. சாதாரணக் குழாயில் மூன்று மணி நேரம் கிடந்தால் 130 என்பது 108 க்கு வந்துவிடும். ஒரு நீரிழிவு நோயாளியை "பயப்பட ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்ப அது போதும். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். அதில் சோடியம் ஃபுளூரைடு இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று அறிய அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

இந்தப் பகுதியின் சாரம்: ஒரு முடிவு எண் சரியாக வர நொதி, வெப்பம், நேரம், பத்து மைக்ரோலிட்டர், குழாயின் மூடி நிறம் ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். இயந்திரம் எண்ணைத் தந்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா என்று சொல்ல ஆள் வேண்டும்.

ரயில்வே கேட் போட்டால்

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு இது எளிதில் புரியும். கேட் போட்டதும் அதற்கு முன்னால் வண்டிகள் சேரும், அதற்கு அப்பால் சாலை காலியாகும். கொஞ்ச நேரத்தில் வரிசை நீண்டு பின்னால் உள்ள சந்துகளில் ஆட்டோக்கள் புகும்.

உடம்பில் ஒரு பொருள் இன்னொன்றாக ஒரே தாவலில் மாறுவதில்லை. குளுக்கோஸ் பைருவேட் என்ற பொருளாக உடைய பத்துப் படிகள் உண்டு, படிக்கொரு நொதி. இப்படி வினைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துக்கொண்டு ஓடுவதையெல்லாம் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்கிறோம். பத்தில் மூன்று படிகள் மட்டும் ஒருவழிப் பாதை. உடம்பு போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கேட்டுகள் அவைதான். பத்து நொதிப் பெயரையும் வரிசையாக ஒப்பித்துவிட்டுத் தேர்வில் தடுமாறுகிறவர்கள், அந்த மூன்றையும் ஏன் அங்கே கேட் இருக்கிறது என்பதையும் முதலில் பிடித்துக்கொண்டால் மீதி ஏழும் தானே ஒட்டிக்கொள்ளும்.

கேட்டு பிறவியிலேயே பழுதானால் அது நோய். ஃபினைல்கீட்டோனூரியா என்ற நோயில் ஒரு நொதி செயல்படாததால் ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலம் தேங்கி, குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. பிறந்த சில நாள்களில் கண்டுபிடித்து உணவை மாற்றினால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். கேட்டை வேண்டுமென்றே அடைத்தால் அது மருந்து. கொழுப்புக்கு எடுக்கிற ஸ்டாட்டின் மாத்திரைகள், கல்லீரல் கொலஸ்டிரால் தயாரிக்கும் பாதையில் உள்ள ஒரு முக்கிய நொதியை அடைக்கின்றன.

சாம்பல் மூடிக் குழாய்க்கு வருவோம். ஃபுளூரைடு அந்தப் பத்துப் படிகளில் ஒன்பதாவதை அடைக்கிறது. அப்படியானால் குளுக்கோஸ் குறைவது உடனே நிற்குமா? நிற்காது. கேட் இருப்பது ஒன்பதாவது நிறுத்தத்தில். வரிசை பின்னோக்கி நீண்டு முதல் நிறுத்தம் வரை அடைக்கும் வரையில் வண்டிகள் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ஃபுளூரைடு குழாயிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குளுக்கோஸ் கொஞ்சம் குறையும். சாம்பல் மூடிதானே என்று மதியம் வரை மேசையில் போட்டுவைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். விரைவாகச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். மனப்பாடமாகத் தெரிகிற பத்துப் படிப் பாதை ஆய்வக மேசையில் எப்படி வேலைக்கு வருகிறது பாருங்கள்.

பக்கத்துப் பாடங்களோடு குழப்பம்

நுண்ணுயிரியல் கிருமியை மையமாக வைத்தது: அதை வளர்ப்பது, அடையாளம் காண்பது, அழிப்பது. பயோடெக்னாலஜி உயிர்களையும் செல்களையும் வைத்துப் பொருள் தயாரிப்பதை நோக்கியது. மெடிக்கல் லேப் டெக்னாலஜி மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்வதற்கென்றே அமைந்த தொழிற்படிப்பு. உயிர்வேதியியல் இந்த மூன்றுக்கும் அடியில் ஓடுகிற அறிவியல். அதுவே அதன் பலம், அதுவே பலவீனமும். எங்கும் போகலாம், ஆனால் எந்தக் கதவும் தானாகத் திறக்காது.

மூன்று ஆண்டில் என்ன நடக்கும்

பி.எஸ்சி. சேர பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலும் உயிரியலும் வேண்டும். நீட் தேவையில்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம். முடிவு வரும் வாரத்திலேயே அதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு அருகில் உள்ள எல்லாக் கல்லூரியிலும் இந்தப் பாடம் இருப்பதில்லை. விண்ணப்பத்தில் கல்லூரிப் பெயரோடு பாடப் பெயரையும் சரிபாருங்கள். அரசுப் பள்ளியில் படித்து வரும் மாணவிகளுக்கு 2022 இலும் மாணவர்களுக்கு 2024 இலும் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகைத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. பஸ் செலவுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அது உதவும்.

முதல் ஆண்டில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் ஆகியவற்றின் அமைப்பும் மொழிப்பாடங்களும் துணைப்பாடமாக வேதியியலும் வரும். நடுவில் நொதிகள், கருவி முறைகள், வளர்சிதை மாற்றம். கடைசி ஆண்டில் மருத்துவ உயிர்வேதியியல், மரபணு, நோய் எதிர்ப்பு. கல்லூரிக்குக் கல்லூரி வரிசை மாறும். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் 25 மதிப்பெண் உள்மதிப்பீடு, 75 பல்கலைக்கழகத் தேர்வு. தன்னாட்சிக் கல்லூரிகள் தம் விதியை வைத்திருக்கும்.

தமிழ்வழியில் படித்து வருகிறவர்களுக்கு முதல் பருவம்தான் கடினம். பாடம் விளங்காததால் அல்ல, சொற்கள் வேறு மொழியில் வருவதால். நோட்டில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே தமிழில் ஒரு வரி விளக்கம் என்று நான்கு மாதம் எழுதினால் இந்தத் தடை போய்விடும். பள்ளியில் பயன்படுத்திய தமிழ்ப் பாடநூலைத் தூக்கிப்போட வேண்டாம்.

செய்முறை வகுப்பைத்தான் உயிராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு காண ஃபிஸ்க்–சுப்பாராவ் முறையைச் செய்யச் சொல்வார்கள். 1925 இல் வெளியான இந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்ட்ரல் எதிரே உள்ள சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இந்தச் சோதனையில் கைக்குக் கை வேறு வேறு விடை வருவதற்கு அடிக்கடி காரணமாவது குழாய் கழுவிய சோப்புத்தூள். அதில் பாஸ்பேட் இருந்து, சரியாக அலசாமல் விட்டால் அதையும் சேர்த்து அளந்துவிடுவோம். நண்பனின் ரெக்கார்டைப் பார்த்து எண்ணை எழுதுகிறவருக்கு இந்தப் பாடம் கிடைக்காது. விடை தவறினால் ஏன் தவறியது என்று தேடி எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் கேட்பது அதைத்தான்.

வேலை: எந்தக் கதவு, எந்தச் சாவி

மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து தொடங்குவோம், குழப்பம் அங்கேதான் அதிகம். அரசு மருத்துவமனைகளின் ஆய்வகத் தொழில்நுட்பர் பணிக்கு டி.எம்.எல்.டி. போன்ற ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பைக் கேட்கிறார்கள். பி.எஸ்சி. உயிர்வேதியியல் மட்டும் அதற்குப் போதாது. அறிக்கையில் கையொப்பமிடும் உரிமையும் இந்தப் பட்டத்துக்கு இல்லை. ஸ்டான்லி மாதிரி ஒரு மருத்துவமனையில் ஆய்வக வேலைதான் கனவு என்றால், தொடக்கத்திலேயே மெடிக்கல் லேப் டெக்னாலஜி படிப்பதுதான் நேர்வழி. அதற்கும் நீட் வேண்டாம். ஏற்கெனவே உயிர்வேதியியல் சேர்ந்துவிட்டவர்கள் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் டி.எம்.எல்.டி. முடிக்கலாம். அங்கீகாரத்தை எழுத்தில் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பெரிய தனியார் ஆய்வகங்களில் வேறு சில இருக்கைகள் உண்டு. தினமும் காலையில், அளவு தெரிந்த கட்டுப்பாட்டு சீரம் என்ற சரிபார்ப்பு மாதிரியை இயந்திரத்தில் ஓட்டி, அது சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் நோயாளியின் மாதிரியைத் தொடுவார்கள். இந்தத் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கும், ஆய்வகக் கருவி விற்கும் நிறுவனங்களில் கருவியை நிறுவிப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கும் உயிர்வேதியியல் பொருந்தும். இரண்டாவதைப் பற்றி மாணவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஊர் சுற்றத் தயங்காதவருக்கு நல்ல வேலை.

அடுத்தது உணவு. வட சென்னைக்காரர்களுக்குக் கண்ணெதிரே இருக்கிற துறை, ஆனால் யாரும் பேசுவதில்லை. மாதவரத்தில் ஆவின் பால் பண்ணை இருக்கிறது. பாலை 72 டிகிரியில் 15 வினாடி சூடாக்கிக் கிருமியைக் கொல்வது பாஸ்டர் முறை. சூடு சரியாக ஏறியதா என்று எப்படி உறுதிசெய்வது? பச்சைப் பாலில் இயல்பாகவே அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி உண்டு. கிருமி சாகிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான சூட்டில்தான் அது இயல்பிழக்கும். எனவே அந்த நொதி செத்திருந்தால் கிருமியும் செத்திருக்கும். உயிரோடு இருந்தால், சேர்க்கிற வினைப்பொருளை அது மஞ்சளாக மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நொதியைச் சாட்சியாக நிறுத்துகிற இந்த யோசனை எவ்வளவு அழகானது.

காசிமேட்டு மீனுக்கும் இதே கதைதான். கடல்மீனில் உள்ள ஒரு பொருளைக் கிருமிகளின் நொதிகள் டிரைமெத்தில் அமீனாக மாற்றுவதால்தான் நாள்பட்ட மீன் வீச்சம் அடிக்கிறது. புளியின் அமிலம் அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுவதால் குழம்பில் வீச்சம் அடங்குகிறது. ஆனால் சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை வெயிலில் போட்டுவைத்தால் ஹிஸ்டமின் உண்டாகும். அது கொதித்தாலும் போகாது, உடம்பெல்லாம் தடிக்க வைக்கும். மீன், இறால் ஏற்றுமதியில் ஹிஸ்டமினையும் ஆன்டிபயாடிக் எச்சங்களையும் அளக்கும் ஆய்வகங்கள் இந்தப் படிப்புக்கு உரியவை.

இதைச் சார்ந்த அரசு வேலை ஒன்றைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு ஏற்கிற பட்டங்களில் உயிர்வேதியியலும் ஒன்று. வேதியியல் என்றால் முதுகலை கேட்கிற அதே விதி, உயிர்வேதியியலில் பட்டப் படிப்பையே ஏற்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இதற்கு ஆள் எடுக்கிறது. அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. வரும்போது கையில் பட்டமும் படித்த பாடமும் தயாராக இருக்க வேண்டும்.

மருந்து நிறுவனங்களில் தரக்கட்டுப்பாடு, உற்பத்தி, ஆவணப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே கேட்கிற முதல் கேள்வி, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் கை வைத்திருக்கிறீர்களா என்பதுதான். கல்லூரியில் கருவி இல்லையென்றால் விடுமுறையில் ஒரு மாதப் பயிற்சிக்கு முயலுங்கள். மெடிக்கல் கோடிங் சென்னையில் நிறைய ஆள் எடுக்கும் துறை. நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை இடுவது. மரியாதையான சம்பாத்தியம்தான். ஆனால் அதற்கு உடலமைப்பும் மருத்துவச் சொற்களும் தேவை, நொதியியல் தேவைப்படாது. வீட்டுச் சூழல் உடனே சம்பாதிக்கச் சொன்னால் தயங்காமல் போகலாம்.

ஆசிரியர் பணியில் ஓர் எச்சரிக்கை. உயிர்வேதியியல் பட்டம் வேதியியல் பட்டத்துக்குச் சமமா என்பதை அரசு சமநிலை ஆணைகள்தான் தீர்மானிக்கின்றன. பல்கலைக்கழகத்துக்கும் பாடப் பெயருக்கும் தக்கபடி அது மாறும். பி.எட். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பட்டத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து அந்த ஆணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆராய்ச்சி நீண்ட வழி. எம்.எஸ்சி. இரண்டாண்டு, பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் உயிர் அறிவியல் பிரிவு. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையோடு தேறினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். அதாவது முனைவர் படிப்பு செலவாகாமல் வருமானமாகும் வழி இது. எம்.எஸ்சி. முடித்தவர்கள் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் ஒப்பந்தத் திட்டப் பணி அறிவிப்புகளையும் பார்த்து வரலாம்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு நாள்காட்டி முக்கியம். ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் முதுகலை சேர எழுதும் ஜாம் தேர்வுக்கு மூன்றாம் ஆண்டின் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். மே மாதம் பட்டம் முடிந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் ஓராண்டு போய்விடும். உயிர்வேதியியல் மாணவர்கள் அதில் எழுதுவது பயோடெக்னாலஜி தாள். உயிரியல், வேதியியலோடு பள்ளி அளவுக் கணிதமும் இயற்பியலும் அதில் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருங்கள். கணிதம் இல்லாத பிரிவில் படித்தவர்கள் இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தை இரவல் வாங்கித் தொடங்கிவிடலாம்.